பழந்துப்பாக்கியின் கீறலும் மெருகும்

பழந்துப்பாக்கியின் குழலிலும் விசைத்தகட்டிலும் தெரியும் கீறல்களில் பல, சண்டையில் விழுந்தவை அல்ல. துடைத்துத் துடைத்தே விழுந்தவை. கருமருந்து எரிந்தபின் மிஞ்சும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சுட்ட கையோடு வெந்நீரில் கழுவி எண்ணெய் தடவாவிட்டால் துரு பூத்துவிடும். துருவை எடுக்கத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடம் கீறும். அந்தக் கீறலை மறைக்க இன்னும் நைசான பொடி தேவைப்படும். இரும்பு மெருகிடும் தொழில் இந்தச் சுழலில் வளர்ந்ததுதான்.

விருத்தாசலம் வட்டாரத்தில் இத்தகைய ஆயுதம் புழங்கியதற்கு 1751-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. விருத்தாசலம் வரை கிழக்கிந்தியக் கும்பினியின் ஒரு படைக்குத் துணைவந்த ராபர்ட் கிளைவும் ஜார்ஜ் பிகட்டும் சிறு காவலுடன் திரும்பும் வழியில், பாளையக்காரரின் ஆட்கள் திரித்துப்பாக்கிகளோடு மறித்தனர். சிப்பாய்கள் ஏழு பேர் மாண்டனர். இருவரையும் காப்பாற்றியது குதிரைகளின் வேகம்தான். பிற்காலத்தில் கிளைவ் வங்காளத்துக்கும் பிகட் சென்னைக்கும் கவர்னர் ஆயினர் என்பதை நினைத்தால், அந்தத் துப்பாக்கிகள் குறி தவறியது சிறிய செய்தி அல்ல.

மெருகிடப் பயன்பட்டவை பெரும்பாலும் மண்ணிலிருந்து கிடைத்த பொருள்களே. எளியது செங்கல் பொடி. சலித்த பொடியை எண்ணெயில் குழைத்துத் துணியால் தேய்ப்பது சிப்பாயின் அன்றாட வேலை; வீட்டில் குத்துவிளக்கு துலக்கியதும் இதே பொடியால்தான். ஆழமான கீறலுக்குக் குருந்தக்கல் வேண்டும். பரமத்தி அருகே சித்தம்பூண்டியிலும் காங்கேயம் அருகே சிவன்மலையிலும் இது கிடைக்கும். இதைப் பற்றி சார்லஸ் கிரெவில் 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விரிவாக எழுதினார். இடித்த குருந்தத்தை அரக்கில் கலந்து வார்த்தால் சாணைக்கல். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் குருந்தம் 9. செங்கல் பொடியிலுள்ள மணற்சத்து 7. குழலின் தேனிரும்போ 4, 5-ஐத் தாண்டாது. இவற்றைக் கொண்டு தேய்த்தால் இரும்பு தோற்பது உறுதி.

கைதேர்ந்தவர்கள் குழலின் நீளவாக்கிலேயே தேய்ப்பார்கள். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கோடும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். பெரிய பருக்கையில் தொடங்கிச் சிறியதற்கு வந்து, கடைசியில் வழவழப்பான எஃகுக் கோலால் அழுத்தி நீவுவார்கள். இந்தக் கடைசி வேலை இரும்பைச் சுரண்டுவதில்லை. மேடு பள்ளத்தைப் படியவைக்கிறது. தொழில்நுட்பத்தில் இதுவே நயமான பகுதி.

அணிவகுப்பில் குழல் பளபளக்க வேண்டும் என்பது அக்காலப் படை ஒழுங்கு. அதன் விலையைக் கும்பினித் துப்பாக்கிகளில் பார்க்கலாம். விசைத்தகட்டில் இதய வடிவம் ஒன்று நான்காகப் பிரிக்கப்பட்டு, கும்பினியின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். 1808-ஐ ஒட்டி அதன் இடத்தில் சிங்க முத்திரை வந்தது. பல ஆண்டுகள் செங்கல் பொடி பட்ட தகட்டில் அந்த இதயத்தின் வெளிக்கோடு மட்டும் மங்கலாக மிஞ்சும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். 1815-ஐ ஒட்டிப் பிரிட்டிஷ் படை குழல்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றத் தொடங்கியபின் இந்தத் தேய்ப்பு குறைந்தது. பழுப்பு என்பதும் அடக்கிவைத்த துருதான்.

தேய்க்க ஆளில்லாமல் போன கதை தஞ்சாவூருடையது. இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் மராட்டிய அரசு முடிந்தது. 1860-களில் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன; மற்றவை பழைய இரும்பாக விலைபோயின. எம். ஜே. வால்ஹவுஸ் 1878-இல் ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ இதழில் இதை எழுதிவைத்தார். பிரிட்டிஷ் அரசே செய்த இந்த அழிவுக்கு முன் எந்தக் கீறலும் பெரிதல்ல.

சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் எஸ். பரமசிவன் பொறுப்பில் வேதியியல் பாதுகாப்புப் பணி தொடங்கியது. முதல் அக்கறை செப்புத் திருமேனிகளைத் தாக்கிய களிம்பு நோய். மின்பகுப்பு முறையில் அவற்றின் களிம்பு நீக்கப்பட்டது. உலோகப் பாதுகாப்பில் இன்று எங்கும் நிலைபெற்ற விதி, பழைய மெருகு விதிக்கு நேர் எதிரானது: உயிருள்ள துருவை நிறுத்து, கீறலை விட்டுவிடு. எண்ணெயில் தோய்ந்த மென்மையான கம்பிப்பஞ்சால் தளர்ந்த துருவை மட்டும் எடுப்பார்கள். தேவையானால் டானிக் அமிலம் பூசுவார்கள். அது துருவோடு சேர்ந்து நீலக்கருப்புப் படலமாகும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து எழுதும் மையாவதும் இதே வினைதான். மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. மின்சாரச் சாணையில் பிடித்தால் முத்திரை போய்விடும். போனால் காலத்தைக் கணிப்பது கடினம்.

இத்தகைய துப்பாக்கி பரணில் அகப்பட்டால் சட்டமும் கவனிக்கத்தக்கது. பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு மட்டுமே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது.