தொட்டிக்கு மேல ஒரு கண்ணாடி

கடல் மீன் தொட்டின்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது முன்னால் இருக்கிற கண்ணாடிதான். அதுக்கு நம்ம பக்கம் நூறு வருஷத்துக்கு மேல வரலாறு உண்டு. எட்கர் தர்ஸ்டன் யோசனையில் சென்னை மெரினாவில் 1909-ல் திறந்த கடல் மீன் காட்சியகம், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் 1942-ல் மூடப்பட்டது. அந்தக் கதையை நிறைய பேர் எழுதிட்டாங்க.

நான் சொல்ல வந்தது வேற கண்ணாடி. பவளம் வளர்க்கிற தொட்டிக்கு மேலே தொங்குமே மெட்டல் ஹாலைடு விளக்கு, அதில் பல்புக்குக் கீழே மாட்டியிருக்கும் கண்ணாடி. (ஏரிக்கரை ஊரான தென்னேரிக்காரனுக்குக் கடல் எதுக்குன்னு கேக்காதீங்க. திரையன் ஏரிதான் தென்னேரி ஆச்சுன்னு சொல்வாங்க, திரைன்னா அலை!) அது உடைஞ்சா "வெறும் மூடிதானே, அப்புறம் மாத்திக்கலாம்"னு விளக்கை அப்படியே எரிய விடுறவங்க உண்டு. அது மூடி இல்லைங்க. பல்பில் பாதி அதுதான்.

ஏன்னு புரிய ஜெர்மனிக்குப் போகணும். ஹெரேயஸ் கம்பெனியில் ரிஷார்ட் க்யூஹ் என்பவர் 1899 வாக்கில் குவார்ட்ஸ் கல்லை உருக்கிச் சுத்தமான கண்ணாடி செய்யும் வழியைக் கண்டுபிடிச்சார். பயங்கர சூட்டைத் தாங்கும். அதுக்குள்ள பாதரச ஆவியை அடைச்சு விளக்கும் செஞ்சாங்க. ஒரு சிக்கல். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் கடுமையான பகுதியை நிறுத்திடும், குவார்ட்ஸ் உள்ளே விட்டுடும். இதையே வைத்தியமாக்கினார் பெர்லின் டாக்டர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி. எலும்பு வளைஞ்ச ரிக்கெட்ஸ் குழந்தைகளுக்கு இந்த வெளிச்சத்தைக் காட்டிக் குணமாக்கி 1919-ல் எழுதினார்.

அளந்து காட்டினா மருந்து. தெருவிளக்கா எரிய விட்டா? அதனால சூட்டைக் காக்கவும் கதிரைத் தடுக்கவும் பல்புக்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் கூடு வந்தது. 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் கில்பர்ட் ரைலிங் உருவாக்கிய மெட்டல் ஹாலைடுக்கும் அதே கூடு.

கூடு உடைஞ்சா என்ன ஆகும்னு அமெரிக்காவில் தெரிஞ்சது. விளையாட்டுக் கூடத்தில் பந்து பட்டு வெளிக்கூடு மட்டும் உடையும், உள்ளே விளக்கு பாட்டுக்கு எரியும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சுக் கண்ணில் மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி எரிச்சல், தோல் சிவப்பு. வெல்டிங் பட்டறையில் வெறும் கண்ணால் பார்த்தவனுக்கு ராத்திரி வருமே, அதேதான். அதுக்கப்புறம் 1980-லிருந்து அங்கே சட்டம்: கூடு உடைஞ்சா தானே அணையும் பல்பு, இல்லேன்னா எச்சரிக்கை எழுதின பல்பு.

இனி தொட்டிக்கு வருவோம். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் பவளத்தை வெயிலிலேயே வளர்த்து 1961-ல் எழுதினார். சூரியனுக்கும் மேல ஒரு தடுப்பு இருக்கே, ஓசோன்! வெயில் குறைஞ்ச ஜெர்மனியில் அதுக்குப் பதில் மெட்டல் ஹாலைடு வந்தது. அதில் ரெண்டு முனையிலும் மாட்டுகிற சின்ன பல்புக்குக் கதிரைத் தடுக்கிற அந்தக் கண்ணாடிக் கூடு கிடையாது. கூட்டின் வேலை விளக்குச் சட்டத்தின் கண்ணாடிக்குப் போயிடுச்சு. அது இல்லாம எரிஞ்சா சில மணி நேரத்தில் பவளம் வெளுத்துக் கருகும்.

மாத்தும்போது ஜன்னல் கண்ணாடி போடாதீங்க. கதிரைப் பெரும்பாலும் தடுக்கும், ஆனா சூட்டோட உப்புத் தண்ணி ஒரு சொட்டு தெறிச்சா படீர். டஃப்பன் கிளாஸ் வேணும். அதை அப்புறம் வெட்ட முடியாது, வெட்டினா தூள் தூளாயிடும். அளவு கொடுத்து, ஓட்டை போட்டு, அதுக்குப் பிறகுதான் பதப்படுத்தச் சொல்லணும். விரிய இடம் வேணும், சட்டத்தில் ஒரு நூல் இடைவெளி விடுங்க. அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், சூட்டில் வளைஞ்சுடும். பல்பை வெறும் விரலால் தொடாதீங்க.

இப்போ எல்.இ.டி. வந்து இந்த விளக்கெல்லாம் அருகிப் போச்சு, பழசு வாங்குறவங்க கையில்தான் புழங்குது. இன்னொண்ணு: கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. மண்டபம் பக்கம் யாராவது எடுத்துத் தர்றேன்னா வாங்காதீங்க.

புதுக் கண்ணாடி வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரை தொட்டி இருட்டாவே இருக்கட்டும். பவளம் தாங்கும்.