சுமைக் காரணியும் நீர்மின் திறனும்: வள்ளூர், மேட்டூர், காடம்பாறை

என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சரிபாதிப் பங்கில் வள்ளூரில் நிறுவிய அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுச்சுமையில் ஓடினால் அவை 1,314 கோடி யூனிட் தரும். அதில் எத்தனை விழுக்காடு கைக்கு வந்தது என்பதே பி.எல்.எஃப். எனும் சுமைக் காரணி. நிலக்கரியை விலைக்கு வாங்கி எரிக்கும் ஆலைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நீர்மின் நிலையத்தின் திறனையும் இதைக் கொண்டே மதிப்பிடுவது பிழை.

மேட்டூர் அணையைப் பார்ப்போம். அங்கே மதகு திறப்பது பாசனத்துக்காக. மின்சாரம் அதன் கூடவே கிடைப்பது. குடகில் மழை பொய்த்தால் சுமைக் காரணி சரியும். அந்தச் சரிவில் டர்பைனுக்குப் பங்கில்லை.

எந்திரத்தின் திறனை அறிய வேறு வழி உண்டு. இழப்பே இல்லையென்றால், ஒரு கன மீட்டர் நீர் 367 மீட்டர் விழுந்து ஒரு யூனிட் தரும். உயரம் அதில் பத்திலொன்றானால் பத்து கன மீட்டர் வேண்டும். மேட்டூர் நீர்மட்டம் 120 அடியிலிருந்து 90 அடிக்கு இறங்கும்போது சுமார் 9 மீட்டர் வீழ்ச்சி கைவிட்டுப் போகிறது. எந்திரம் பழுதின்றி ஓடினாலும் யூனிட்டுக்குச் செலவாகும் நீர் கூடும். ஆகவே உயரத்தைச் சேர்த்துச் சொல்லாத நீர்க்கணக்கும் சுமைக் காரணியைப் போலவே ஏமாற்றும்.

மின்சாரத்தையும் உயரத்தையும் அளப்பது எளிது; பாயும் நீரை அளப்பதுதான் கடினம். உயர்ந்த வீழ்ச்சிகளில் இதைச் சுற்றிப்போக ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. சக்கரம் பிடித்துக்கொள்ளாத ஆற்றல் நீரிலேயே வெப்பமாகத் தங்கிவிடுவதால், வெப்பநிலை வேறுபாட்டிலிருந்தே திறனைக் கணக்கிடலாம். 900 மீட்டருக்கு மேல் நீர் விழும் பைக்காராவில் ஒரு விழுக்காடு இழப்பு நீரைச் சுமார் 0.02 டிகிரி சூடாக்கும். அதைக் காண ஆயிரத்தில் ஒரு டிகிரியைப் பிரித்தறியும் வெப்பமானி தேவை. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை கதவணைகளின் தாழ்ந்த வீழ்ச்சியில் இம்முறை பலிக்காது. ஓட்டமானியோ மீயொலியோதான் கைகொடுக்கும். டர்பைனின் சுருள் உறையில் இரு புள்ளிகளின் அழுத்த வேறுபாட்டைப் பார்க்கும் வின்டர்-கென்னடி முறை ஒப்பீட்டளவை மட்டுமே தரும். ஆனால் ஆண்டுக்காண்டு தேய்மானத்தைக் கண்டுபிடிக்க அதுவே போதும். அதைக் குறைத்து மதிப்பிடுவோருடன் நான் உடன்படவில்லை.

காடம்பாறையில் சிக்கல் வேறு. நான்கு 100 மெகாவாட் எந்திரங்கள் கொண்ட இந்த நீரேற்று நிலையம் மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறது. இவ்வகை நிலையங்கள் 100 யூனிட் வாங்கினால் பொதுவாக 70 முதல் 80 வரை திருப்பித் தரும். வாசலில் நின்று கணக்குப் பார்த்தால் நட்டம்தான். ஆனால் காற்றாலைகள் பொங்கும் ஆடி மாத இரவில் வள்ளூர் போன்ற நிலையங்கள் சுமையைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது; தாழ்ந்த சுமையில் யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி கூடுகிறது. அந்த நேரத்தில் உபரியை விழுங்கும் பம்பு மிச்சப்படுத்தும் நிலக்கரி காடம்பாறைக் கணக்கில் ஏறாது.

இந்த வாதம் எல்லா நட்டத்தையும் நியாயப்படுத்திவிடாதா என்று கேட்கலாம். விடாது. காற்றடங்கிய மாதத்தின் நள்ளிரவில் நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு நீரை ஏற்றினால், இழந்த 20, 30 யூனிட்டும் கரியாகவே எரிந்துபோனவை. அவற்றைக் காடம்பாறையின் பெயரிலேயே எழுத வேண்டும். ஆண்டுச் சராசரி இந்த இரண்டு இரவுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. மின் கட்டமைப்பில் உற்பத்தி அட்டவணை 15 நிமிடக் கட்டங்களில்தான் வகுக்கப்படுகிறது. அதே கட்டங்களில் நீர்மட்டத்தையும் பாய்ச்சலையும், அந்நேரம் எந்த நிலையத்தின் சுமை தாழ்த்தப்பட்டது என்பதையும் அருகருகே பதிந்தால் எந்த இரவு எதில் சேரும் என்று பிரித்துவிடலாம்.