வெண்பா

தமிழ் யாப்பிலக்கணம் வகுத்த நால்வகைப் பாக்களுள் ஒன்று. மற்றவை ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா. நான்கிலும் கட்டுப்பாடு மிகுந்தது வெண்பாவே. ஆனாலும் கலியும் வஞ்சியும் வழக்கொழிந்த பிறகும் அது பிழைத்துக் கிடக்கிறது. இதற்கு உரிய ஓசை செப்பலோசை, அதாவது ஒருவர் மற்றவருக்கு ஒன்றை எடுத்துச் சொல்லும் தொனி. வெண்பாவின் நீண்ட ஆயுளுக்கு இந்தப் பேச்சுத் தொனியே காரணம் எனலாம்.

இலக்கணத்தின் உயிர் தளையில், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறையில், இருக்கிறது. மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசை வரவேண்டும். கனிச்சீருக்கு இடமே இல்லை. ‘மழைவந்து போன தெருவில்’ என்று தொடங்கினால் தளை சரி: ‘மழைவந்து’ காய்ச்சீர், அடுத்து நேரசையில் தொடங்கும் ‘போன’; அது மாச்சீர் என்பதால் அடுத்து நிரையசையில் ‘தெருவில்’. இதையே ‘மழைவந்து விழுந்த தெருவில்’ என்று மாற்றினால் காய் முன் நிரை வந்து கலித்தளையாகிவிடும். வெண்பா அங்கேயே கெட்டது. ஈற்றடியில் மூன்றே சீர். அதன் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் முடியவேண்டும். ஓடிவரும் பாட்டு சட்டென்று நிற்பதால், சொல்ல வந்தது அந்த இடத்தில் அழுத்தமாக விழுகிறது.

சங்கத் தொகைகளில் ஆசிரியப்பாவே மிகுதி. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் வெண்பா முன்னுக்கு வந்தது. திருக்குறளின் 1330 பாக்களும் ஈரடிக் குறள் வெண்பா. நாலடியாரின் 400 பாடல்களும் வெண்பா யாப்பின. அறம் சொல்லத்தான் வெண்பா என்ற எண்ணம் இந்நூல்களால் வேரூன்றியது. மூவேந்தர் மீதான காதலையும் போர்க்களத்தையும் பாடும் முத்தொள்ளாயிரம் அதை அன்றே பொய்யாக்கியது. அந்நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்த பாடல்களில் பெரும்பகுதி புறத்திரட்டு என்னும் தொகைநூலால் தப்பியது. இருபதாம் நூற்றாண்டில் அதன் சுவையைப் பரப்பியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார்.

பக்தி இலக்கியத்தில் வெண்பா, ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள். முதலாழ்வார் மூவரும் ஆளுக்கு நூறு பாடினர். அடிகள் நீண்டால் கலிவெண்பா. மாணிக்கவாசகரின் சிவபுராணமும் ஒட்டக்கூத்தரின் மூவருலாவும் அந்த யாப்பில் அமைந்தவை. 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவில் பாட்டுக்கு நடுவே உரைநடையும் வருகிறது. கதையை நகர்த்தும் வேலையை உரைநடையிடம் விட்டது சாமர்த்தியந்தான்.

அந்தத் துணையின்றி முழுக்கதையையும் வெண்பாவிலேயே நடத்திக் காட்டியவர் புகழேந்தி. அவருடைய நளவெண்பா சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என மூன்று பகுதிகள் கொண்டது. பாடல்கள் நானூறுக்கு மேல். நான்கடிக்குள் ஒரு காட்சியை முடித்து அடுத்ததற்குத் தாவும் அதன் வேகத்தைப் பின்வந்த வெண்பாக் காப்பியம் எதுவும் எட்டவில்லை.

இலக்கண வரம்பை நிலைநிறுத்தியது அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை. குணசாகரர் உரையோடு அது தலைமுறை தலைமுறையாகப் பாடநூலாக இருந்தது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுக்கு வெண்பா நூல்களான மூதுரையும் நல்வழியும் வாய்த்தன. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகம் வெண்பாவைச் சபைக்கும் சத்திரத்துக்கும் இழுத்துவந்தார். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டில் பொருள் வைக்கும் சிலேடையும், நினைத்த மாத்திரத்தில் வசை பாடும் துணிச்சலும் அவருடையவை. அவருக்குப் பின் வந்த பலர் சாதுரியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கவிதையைக் கோட்டைவிட்டனர். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் வழக்கமும் அதற்குத் துணைபோனது.

1930களில் ந. பிச்சமூர்த்தியும் 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழும் யாப்பை உதறிய புதுக்கவிதைக்கு வழி திறந்தபின் வெண்பா ஆர்வலர்களின் துறையாகச் சுருங்கியது. இன்று ‘அவலோகிதம்’ என்னும் மென்பொருள் சீர் பிரித்துத் தளை தட்டும் இடத்தைக் காட்டிவிடும். தளை தட்டாத வெறும் செய்யுளை அதனால் அடையாளம் காண முடியாது. வெண்பா எழுதிப் பார்க்க விரும்புவோர் காரிகையைத் திறக்குமுன் நளவெண்பாவில் ஐம்பது பாடல்களையாவது வாய்விட்டுப் படித்துக் காதைப் பழக்கிக்கொள்வது நல்லது.