நுரையீரல் கொள்ளளவுக் குறைப்பு அறுவை

நுரையீரல் கொள்ளளவுக் குறைப்பு அறுவை என்பது, எம்பைசீமா எனப்படும் காற்றறைச் சிதைவு நோயில் பயனற்று ஊதிப்போன நுரையீரல் பகுதியை வெட்டியகற்றி, எஞ்சிய பகுதி சுருங்கி விரிய இடம் ஏற்படுத்தும் சிகிச்சையாகும். இந்நோயில் காற்றறைகளின் மெல்லிய சுவர்கள் அழிந்து, நுரையீரல் தன் மீள்திறனை இழப்பதால், உள்ளே போன காற்று முழுதும் வெளியேறாமல் தேங்குகிறது. கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்திருக்க வேண்டிய உதரவிதானமும் தட்டையாகி, மூச்சை இழுக்கும் வலுவை இழக்கிறது. நோயாளி முழங்காலில் கையூன்றி, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விடுவது இந்தத் தேக்கத்தைக் குறைக்கும் முயற்சியே.

திண்டுக்கல் சமவெளிக்கு இந்நோயின் மூலகாரணமான புகையிலை புதிதன்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று உலகறிந்த சுருட்டுக்குப் பெரும்பாலும் இலை தந்தது இவ்வட்டாரமே. வேடசந்தூரில் 1948ஆம் ஆண்டிலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பீடி, சுருட்டுப் பழக்கத்தால் வரும் எம்பைசீமா பெரும்பாலும் நுரையீரலின் மேல்மடல்களைக் கூடுதலாகச் சிதைப்பதால் அங்கே வெட்டியகற்ற வழியுண்டு. விறகடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்காகச் சமைத்த பெண்களுக்கு வரும் இளைப்போ, காற்றறையைவிட மூச்சுக்குழல்களையே மிகுதியாகப் பாதிப்பதால், அவர்களுள் பலருக்கு இவ்வறுவை பொருந்துவதில்லை.

அமெரிக்காவின் மேரிலாந்தில் ஓட்டோ பிராண்டிகன் 1950களில் இவ்வறுவையைச் செய்து பார்த்தார்; உயிரிழப்பு மிகுந்ததால் அம்முறை கைவிடப்பட்டது. 1990களில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோயல் கூப்பர் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். வெட்டிய விளிம்பில் காற்றுக் கசியாதிருக்க, மாட்டின் இதயவுறைத் திசுவை வைத்து ஸ்டேப்ளரால் தைப்பது அவர் முறை. பின்னர் 1,218 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2003இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வு, மேல்மடல் சிதைவும் குறைந்த உடலுழைப்புத் திறனும் உடையோருக்கு ஆயுள் நீள்வதைக் காட்டியது. மிகக் குறைந்த மூச்சுத்திறனோடு, நுரையீரல் முழுதும் சீராகச் சிதைந்தோருக்கோ அறுவையே ஆபத்தாயிற்று.

செயற்கை மூச்சுக் கருவியான வெண்டிலேட்டரைச் சார்ந்தோர் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. இவர்களுக்கு அக்கருவியே இரு முனையுள்ள கத்தி: முந்தைய மூச்சு வெளியேறி முடியுமுன்னே அடுத்ததைச் செலுத்தினால், காற்றின்மேல் காற்று அடுக்கி, மார்பழுத்தம் ஏறி, இரத்த அழுத்தம் சரிகிறது. அந்நேரத்தில் குழாயைச் சற்றுக் கழற்றிவிட்டால் அடைபட்ட காற்று சீறி வெளியேறுவதும் இரத்த அழுத்தம் மீள்வதும் கண்ணெதிரே நிகழும். தேங்கிய காற்றே தடையெனில் அதைத் தாங்கும் திசுவை அகற்றலாம் என்ற துணிவில், ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு கிரைனர் குழுவினர் 1990களில் இத்தகைய மிகச் சிலருக்கு அறுவை செய்து, கருவியிலிருந்து விடுவித்தனர். ஆனால் தேர்ந்தெடுத்த ஒரு சில நோயாளிகளின் அனுபவத்தைப் பொதுச் சிகிச்சையாகக் கொள்ள இயலாது. தொற்றும் தசைத்தளர்ச்சியும் நீடித்த காற்றுக்கசிவும் வெண்டிலேட்டரைச் சார்ந்தோரை எளிதில் வீழ்த்தும்.

ஆகவே, வெண்டிலேட்டர் தேவைப்படும் நிலைக்கு முன்னரே அறுவையை முடிவுசெய்ய வேண்டும்; காலமே இங்கு முதன்மை. அறுவைக்கு முன் பல மாதம் புகைப்பதை விட்டிருத்தல், வாரக்கணக்கில் மூச்சுப்பயிற்சி, சி.டி. ஸ்கேன், ஆறு நிமிட நடைச் சோதனை ஆகியவை வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இந்த ஆயத்தத்தைத் தொடங்கி, அறுவைக்கு மட்டும் பெருநகருக்கு அனுப்புவதே தக்கது. நடைச் சோதனைக்கு நோயாளி நடக்கக்கூடியவராக இருந்தாக வேண்டும்.