சார்ஜிங் கேபிள்: தேர்வும் ஆயுளும்

சார்ஜிங் கேபிள் என்பது சார்ஜரிலிருந்து கைபேசி, மடிக்கணினி, கைப்பலகை போன்ற கருவிகளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும், இரு முனைகளிலும் செருகி கொண்ட நெகிழ் கம்பி. பேச்சுவழக்கில் இதை சார்ஜர் வயர், டேட்டா கேபிள் என்றும் சொல்வார்கள். இன்று விற்பனையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை யுஎஸ்பி தரநிலையைச் சார்ந்தவை. நாள்தோறும் வளைந்தும் முறுகியும் இழுபட்டும் உழைப்பதால் கைபேசியின் துணைப்பொருள்களில் பெரும்பாலும் முதலில் பழுதாவது இதுவே. உள்ளே இருக்கும் செம்பின் அளவு, செருகியை ஒட்டிய கழுத்துப் பகுதியின் கட்டுமானம், பயன்படுத்துபவரின் கைப்பழக்கம் ஆகிய மூன்றும்தான் ஒரு கேபிளின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. மேலுறையின் பளபளப்பும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்களும் இவற்றுக்கு அடுத்தவையே.

வரலாறு

யுஎஸ்பி தரநிலையின் முதல் பதிப்பு 1996இல் வெளிவந்தது. கணினியோடு விசைப்பலகை, அச்சுப்பொறி போன்றவற்றை இணைப்பதே அப்போது அதன் வேலை. மின்சாரம் தருவது துணைப் பயனாக மட்டும் இருந்தது. அக்காலக் கைபேசிகளுக்கு நிறுவனந்தோறும், சில வேளை மாடல்தோறும் வெவ்வேறு வடிவச் செருகிகள் இருந்தன. கைபேசி மாறினால் சார்ஜரும் மாற வேண்டும் என்பதே நிலை.

2007இல் மைக்ரோ-யுஎஸ்பி அறிமுகமானது. 2009இல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் முன்னணிக் கைபேசி நிறுவனங்கள் அதைப் பொதுச் செருகியாக ஏற்கத் தாமாக முன்வந்து உடன்பட்டன. ஆப்பிள் நிறுவனம் 2012இல் ஐபோன் 5உடன் லைட்னிங் என்னும் தனிச் செருகியைக் கொண்டுவந்தது. எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் டைப்-சி செருகிக்கான விவரக்குறிப்பு 2014இல் வெளியானது.

2022இல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுச் சார்ஜர் சட்டத்தை இயற்றியது. அதன்படி 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் கைபேசிகளிலும் வேறு பல சிறு கருவிகளிலும் டைப்-சி இணைப்பு கட்டாயமானது. மடிக்கணினிகளுக்கான காலக்கெடு 2026 ஏப்ரல் 28. ஆப்பிளும் 2023இல் ஐபோன் 15 மூலம் டைப்-சிக்கு மாறியது. இந்தியத் தரநிலைகள் பணியகம் டைப்-சி செருகி, துளை, கேபிள் ஆகியவற்றுக்கான இந்தியத் தரநிலையை 2023 ஜனவரியில் வெளியிட்டது.

இம்மாற்றத்தால் கேபிளின் மதிப்பு கூடியிருக்கிறது. முன்பு கைபேசியோடு சேர்ந்தே பயனற்றுப்போன கேபிள், இப்போது அடுத்தடுத்த பல கருவிகளுக்கும் உதவும். ஆகவே நல்லதாக ஒன்றை வாங்கிப் பேணுவது முன்னெப்போதையும்விடப் பயனுள்ளது.

உள்ளமைப்பு

டைப்-சி துளையில் 24 மின்முனைகள் உள்ளன. ஆனால் முக்கியமாகச் சார்ஜ் ஏற்றுவதற்கான கேபிளில் அத்தனை கம்பிகள் இருப்பதில்லை. மின்சாரம் செல்லும் கம்பி, அது திரும்பிவரும் தரைக்கம்பி, தகவலுக்கான இரண்டு கம்பிகள், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று சார்ஜரும் கருவியும் பேசிக்கொள்ளும் ஒரு கம்பி ஆகியவையே அடிப்படை.

ஒவ்வொரு கம்பியும் மெல்லிய செம்பு இழைகள் பல சேர்ந்த திரி. மொத்தச் செம்பு ஒரே அளவாக இருக்கும்போது, இழைகள் மெல்லியனவாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் இருந்தால் கேபிள் அதிக வளைவுகளைத் தாங்கும். இழைகளைச் சுற்றிக் காப்புறை, அதன்மேல் உலோகத் தாள் அல்லது உலோகப் பின்னல், எல்லாவற்றுக்கும் வெளியே மேலுறை எனப் பல அடுக்குகள் அமையும். உயர்தரக் கேபிள்கள் சிலவற்றின் நடுவில் அராமிட் இழையும் ஓடும். 1965இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் இவ்வகையைச் சேர்ந்தது. கேபிளை இழுக்கும்போது விசையை இந்த இழை ஏற்றுக்கொள்வதால் செம்பு நீளாமல் காக்கப்படுகிறது.

செருகிக்குள் கம்பிகள் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையில் ஈயப் பற்றவைப்பால் இணைகின்றன. அந்த இடத்தைப் பிளாஸ்டிக் வார்ப்பு மூடுகிறது. செருகியிலிருந்து கேபிள் வெளிவரும் இடத்தில் உள்ள ரப்பர் போன்ற குழல்தான் கழுத்து. விறைப்பான செருகியிலிருந்து நெகிழ்வான கேபிளுக்கு வளைவைப் படிப்படியாகக் கடத்துவது அதன் பணி.

செம்பின் தடிமனும் மின்னிழப்பும்

கம்பியின் தடிமனைக் குறிக்க ஏ.டபிள்யு.ஜி. என்னும் அமெரிக்க அளவுமுறை பயன்படுகிறது. இதில் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 28ஆம் எண் கம்பியின் விட்டம் சுமார் 0.32 மி.மீ.; 24ஆம் எண் 0.51 மி.மீ.; 20ஆம் எண் 0.81 மி.மீ.

ஒரு மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை 28ஆம் எண்ணில் ஏறத்தாழ 0.21 ஓம், 24இல் 0.084 ஓம், 20இல் 0.033 ஓம். மின்சாரம் போய்த் திரும்புவதால் ஒரு மீட்டர் கேபிளில் இரண்டு மீட்டர் கம்பியைக் கணக்கில் கொள்ள வேண்டும். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடினால் 28ஆம் எண் கம்பியில் மட்டும் சுமார் 0.85 வோல்ட் வீணாகும். அதாவது 10 வாட்டில் 1.7 வாட் வெறும் வெப்பமாகிவிடும். 24ஆம் எண்ணில் இழப்பு 0.34 வோல்ட், 20ஆம் எண்ணில் 0.13 வோல்ட். நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். ஒரே சார்ஜரில் ஒரு கேபிள் விரைவாகவும் இன்னொன்று மெதுவாகவும் சார்ஜ் ஏற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விலையைக் குறைப்பதற்காகச் சிலர் அலுமினியத்தின்மேல் மெல்லிய செம்புப் பூச்சிட்ட கம்பியைப் பயன்படுத்துகின்றனர். அதன் கடத்துதிறன் தூய செம்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. திரும்பத் திரும்ப வளைத்தால் செம்பைவிட விரைவில் முறியும். இத்தகைய கேபிளுக்கு எவ்வளவு அழகான உறை போட்டாலும் ஆயுள் கூடாது.

பழுதாகும் விதம்

கேபிள்கள் பழுதாவதற்கு முதன்மைக் காரணம் கழுத்தில் ஏற்படும் உலோகச் சோர்வு. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளையும்போது செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மிஞ்சிய சில இழைகளின் வழியே முழு மின்சாரமும் நெருக்கிக்கொண்டு ஓடுவதால் அந்த இடத்தில் மட்டும் சூடு ஏறும். கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலை வந்தால் உள்ளே பெரும்பாலான இழைகள் அறுந்துவிட்டன, அல்லது பற்றவைப்பு விட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது உறையின் முதுமை. பிவிசி உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மங்கள் காலப்போக்கில் வெளியேறுவதால் அது விறைத்து வெடிக்கிறது. வெயிலும் சூடும் இதை விரைவுபடுத்தும். டிபிஇ வகை உறைகள் சில, கையின் எண்ணெய்ப் பசையாலும் வியர்வையாலும் பிசுபிசுத்து உரியும்.

மூன்றாவது, மின்முனைகளின் அரிப்பு. ஈரமும் உப்பும் பட்ட நிலையில் மின்சாரம் பாய்ந்தால் பூச்சு போய் மின்முனைகள் கறுக்கும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் வியர்வை ஊறிய சட்டைப்பையும் இதற்கு வழி செய்கின்றன.

செருகிச் செருகிக் கழற்றுவதால் வரும் தேய்மானம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. பழைய அகன்ற டைப்-ஏ செருகிக்கு 1,500 முறை, மினி-யுஎஸ்பிக்கு 5,000 முறை, மைக்ரோ-யுஎஸ்பிக்கும் டைப்-சிக்கும் 10,000 முறை என்பது தரநிலை எதிர்பார்க்கும் அளவு. நாளொன்றுக்கு மூன்று முறை செருகினாலும் 10,000ஐ எட்ட ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்கு வெகுமுன்பே கழுத்து அறுந்துவிடுவதுதான் வழக்கம்.

டைப்-சி வடிவமைப்பில் விரைவில் தேயக்கூடிய, வில்போல் அழுந்தும் மின்முனைகள் கேபிளின் செருகிக்குள் வைக்கப்பட்டுள்ளன. விலைமிக்க கருவிக்குப் பதிலாக மலிவான கேபிள் தேயட்டும் என்பதே இதன் நோக்கம். லைட்னிங்கில் இவை கருவியின் துளைக்குள் இருந்தன.

தேர்ந்தெடுத்தல்

*மின்திறன் குறிப்பு.* இருபுறமும் டைப்-சி உள்ள எந்த முறையான கேபிளும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 20 வோல்ட்டில் அது 60 வாட். 5 ஆம்பியர் செல்ல வேண்டுமானால், தன் தாங்குதிறனைச் சார்ஜருக்குத் தெரிவிக்கும் இ-மார்க்கர் என்னும் சில்லு கேபிளுக்குள் இருந்தாக வேண்டும். யுஎஸ்பி தரநிலையில் 2021இல் வந்த விரிவாக்கத்துக்குப் பின் உச்சவரம்பு 240 வாட். யுஎஸ்பி அமைப்பின் சான்று பெற்ற டைப்-சி கேபிள்களில் 60 வாட் அல்லது 240 வாட் என்ற குறியீடு இருக்கும். கைபேசிக்கு 60 வாட் கேபிளே பெரும்பாலும் போதும். அதிகத் திறன் கேட்கும் மடிக்கணினிக்கு 240 வாட் கேபிள் ஏற்றது.

*சான்று.* ஒருபுறம் டைப்-ஏ, மறுபுறம் டைப்-சி கொண்ட கேபிளுக்குள் 56 கிலோ-ஓம் மின்தடை இருக்க வேண்டும் என்பது விதி. இதைப் பின்பற்றாத கேபிள், சார்ஜரின் சக்திக்கு மீறி மின்சாரம் இழுக்கக் கருவியைத் தூண்டிவிடும். கூகுள் பொறியாளர் பென்சன் லியங் 2015 முதல் இணையத்தில் விற்ற டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். 2016 பிப்ரவரியில், உள்ளே கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டிருந்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. அடுத்த மாதமே அமேசான் நிறுவனம் விதிக்குப் புறம்பான டைப்-சி கேபிள்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. லைட்னிங் கேபிள் வாங்குவோர் ஆப்பிளின் எம்எஃப்ஐ உரிமக் குறியைப் பார்க்க வேண்டும்.

*கழுத்து.* நீளமாகவும் நெகிழ்வாகவும், செருகியிலிருந்து கேபிளை நோக்கி மெலிந்தும் இருக்கும் கழுத்தே நல்லது. குட்டையான, கட்டை போன்ற கழுத்து, வளைவைத் தன் முடிவிடத்துக்குத் தள்ளிவிடுமே தவிரத் தடுக்காது.

*மேலுறை.* நைலான் பின்னல் உராய்வைத் தாங்கும். மேசை விளிம்பிலும் பைக்குள்ளும் உரசும் கேபிளுக்கு அது உகந்தது. ஆனால் பின்னல் இருப்பதாலேயே உள்ளிருக்கும் செம்பு முறியாது என்று எண்ணக் கூடாது; முறிவு வெளியே தெரியாமல் மறைந்திருக்கவும் கூடும். சிலிக்கோன் உறை மென்மையானது, சிக்கலாகாது, சூட்டைத் தாங்கும்; கூரிய பொருள் பட்டால் எளிதில் கிழியும்.

*நீளம்.* எட்டாத கேபிளை விறைக்க இழுத்துச் செருகுவது கழுத்தை முறிக்கும் நேர்வழி. தேவைக்கு மிஞ்சிய நீளமோ மின்னிழப்பைக் கூட்டும். சார்ஜருக்கும் கருவிக்கும் இடையே தளர்வாகத் தொங்கும் அளவே சரியானது. படுத்தபடி கைபேசி பார்ப்போருக்கும் விளையாடுவோருக்கும் செங்கோணச் செருகி உதவும்.

*வளைவு எண்ணிக்கை.* பத்தாயிரம், முப்பதாயிரம் முறை வளைத்தாலும் முறியாது என்ற விளம்பரங்கள், எந்தக் கோணத்தில், எவ்வளவு எடையைத் தொங்கவிட்டு, எந்த இடத்தில் வளைத்தார்கள் என்று சொன்னால்தான் பொருளுடையவை. அந்த விவரமில்லாத எண்களை வைத்து இரு நிறுவனங்களின் கேபிள்களை ஒப்பிட முடியாது. எளிதில் மாற்றித் தரும் உத்தரவாதமே இவற்றைவிட நம்பத்தக்க அடையாளம்.

சில கைபேசி நிறுவனங்கள் தமக்கென்று தனி விரைவுச் சார்ஜ் முறையை வைத்துள்ளன. அவற்றின் முழு வேகம் பெட்டியில் வந்த கேபிளிலோ அதற்கு இணையானதிலோதான் கிடைக்கும்.

நீடிக்கச் செய்யும் பழக்கங்கள்

கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது கைபேசியின் அடிப்பகுதியை மார்பிலோ மெத்தையிலோ ஊன்றிப் பார்ப்பது கழுத்தை முழுக்க மடக்கிவிடும். பேசவோ பார்க்கவோ வேண்டுமானால் கழற்றிவிடுவது நல்லது.

சார்ஜரைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டக் கூடாது. உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத தளர்ந்த வளையங்களாகச் சுற்றி, துணிப்பட்டையால் கட்டலாம். மேடை ஒலியமைப்பாளர்கள் ஒரு வளையத்தை மேலாகவும் அடுத்ததைக் கீழாகவும் மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். இதனால் முறுக்கு சேராது, விரிக்கும்போதும் சிக்காது.

கட்டில் காலுக்கும் கதவிடுக்குக்கும் அடியில் கேபிள் நசுங்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுவைப்பதும் கூடாது. ஈரக் கையால் செருகக் கூடாது. செருகி முழுதாக உட்காரவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் கைபேசியின் துளையைப் பார்க்க வேண்டும். சட்டைப்பைப் பஞ்சு அங்கே அடைந்திருக்கக்கூடும். கைபேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்தால் போதும், ஊசி கூடாது.

வீட்டுக்கு ஒன்று, பைக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டால் இரண்டும் நீண்ட நாள் வரும்.

பழுதுபார்த்தல்

உறை இலேசாகப் பிளக்கத் தொடங்கும்போதே, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழலைக் கழுத்தில் ஏற்றினால் ஆயுள் கூடும். புதிய கேபிளுக்கே இதைச் செய்வது இன்னும் சிறந்தது. காப்பு டேப் தற்காலிகத் தீர்வு மட்டுமே. குழலும் டேப்பும் உறையைக் காக்குமே தவிர அறுந்த செம்பைச் சேர்க்காது.

உள்கம்பி வெளியே தெரிதல், கழுத்தில் கை பொறுக்காத சூடு, பிளாஸ்டிக் கருகும் வாடை, கறுத்த மின்முனை, உருகிய செருகி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தக் கேபிளை உடனே விலக்க வேண்டும். அதிகத் திறன் செல்லும் டைப்-சி கேபிளை வீட்டில் வெட்டி ஒட்டுவது தீ விபத்துக்கு இடம் கொடுப்பதாகும்.

கழிவு

உலகில் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாக ஐ.நா. அமைப்புகள் சார்ந்த அறிக்கை கணக்கிட்டுள்ளது. எறியப்படும், பயன்படுத்தாமல் கிடக்கும் சார்ஜர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 டன் கழிவாகின்றன என்பது பொதுச் சார்ஜர் சட்டத்துக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. இந்தியாவில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன.

செம்புக்காகக் கேபிளை எரிப்பது மிகக் கேடானது. பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் நஞ்சுகளும் வெளிப்படும். உழைத்து முடிந்த கேபிளைக் குப்பையில் போடாமலும் எரிக்காமலும், பதிவுபெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும். திறன் குறிப்பும் சான்றும் உள்ள ஒன்றை வாங்கிக் கழுத்தைக் காத்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவதே கைக்காசுக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒருசேர நன்மை தரும் வழி.