பாதி நோட்டு

நண்பனுக்கு எதை அனுப்புவது? பட்டும் பலகாரமும் என்பர் பலர். நமக்கோ ஏங்கெல்ஸ் அனுப்பிய பாதி நோட்டே நினைவுக்கு வருகிறது.

இலண்டனில் மார்க்ஸ் குடும்பத்தை வறுமை வாட்டிற்று, அடகுக்கடையே அடைக்கலம்! நண்பருக்காகவே 1850-இல், தாம் வெறுத்த வணிகத்துக்கு, மான்செஸ்டரில் தந்தையார் பங்குகொண்ட பஞ்சாலை நிறுவனத்துக்குத் திரும்பினார் ஏங்கெல்ஸ். வழியில் களவு போகாதிருக்க நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஓர் உறையிலும் மறுபாதியை வேறோர் உறையிலும் அனுப்புவார். மதுப்புட்டிகளும் போனதுண்டு, மதுவிலக்குப் பேசும் நாம் முகம் சுளிப்போம், போகட்டும்!

பணம் மட்டுமா? 1851-இல் நியூயார்க் நாளிதழுக்கு மார்க்ஸ் பெயரில் தாமே கட்டுரைகள் எழுதித் தந்தார். பெயரும் ஊதியமும் அவருக்கு, உழைப்பு இவருக்கு! கர்ணனின் கவச குண்டலக் கதையைக் காலமெல்லாம் கேட்டோமே, இதைச் சொன்னவர் எத்தனை பேர்?

1867 ஆகஸ்டு 16, பின்னிரவு 2 மணி. 'மூலதனம்' முதற்பாகத்தின் கடைசி அச்சுத்தாளைத் திருத்தி முடித்த மார்க்ஸ், உடனே நன்றி எழுதியது ஏங்கெல்சுக்குத்தான். அவரோ 1869 வரை அந்த அலுவலகத்திலேயே இருந்தார்.