பொன் தேடிய படைகள் – 14: செப்பேடு மறைத்த தோல்வி

போன வாரம் உங்களைப் பெரு நாட்டுக் கஹமார்கா நகரில், ஓர் அறை வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். 22 அடி நீளம், 17 அடி அகலமுள்ள அறை. சிறைப்பட்ட இன்கா மன்னன் அதகுவால்பா, தன் கைக்கு எட்டிய உயரம் வரை அதைப் பொன்னால் நிரப்பித் தருவதாகச் சொன்னான். 168 பேரோடு வந்து அவனைப் பிடித்திருந்த பிசாரோ, அப்படித் தந்தால் விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டான். மாதக்கணக்கில் பொன் வந்து குவிந்தது. மன்னனை விட்டார்களா?

விடவில்லை. 1533 ஜூலையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கோயில் தகடுகள், கலசங்கள், பாவைகள் எல்லாம் உலைக்குப் போயின. உருக்கி வார்த்த கட்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் அரசனுக்கு, மிச்சம் படைக்கு. உருக்கிய பொன்னுக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. அது திரும்பி வராது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதையில் பொன் திரும்பி வரப்போகிறது.

* * *

1492இல் கொலம்பஸ் பாய்மரம் விரித்தது மிளகு விளையும் கிழக்கு நாடுகளைத் தேடித்தான். அவர் போய்ச் சேராத மிளகு மலையின் அடிவாரத்துக்கு நாம் பேருந்திலேயே போய்விடலாம். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சின்னமனூர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் வாழையும் தென்னையும் செழித்த ஊர். காய்கறிக் கடையில் கிடக்கும் தக்காளியும் பச்சை மிளகாயும் கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தவை. மிளகைத் தேடிப் போனவர்கள் மிளகாயைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

நாம் வந்தது காய் வாங்க அல்ல, செம்பைப் பார்க்க.

பாண்டியர் காலத்தில் இந்த ஊருக்கு அரிகேசரிநல்லூர் என்று பெயர். இங்கே கிடைத்த இரண்டு தொகுதிச் செப்பேடுகளைச் சிறிய சின்னமனூர்ச் செப்பேடு, பெரிய சின்னமனூர்ச் செப்பேடு என்று பிரித்துச் சொல்வார்கள். பெரியதில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கின்றன. பாண்டியன் இராசசிம்மன், தன் 16ஆம் ஆட்சியாண்டில், நற்செய்கைப் புத்தூர் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்த ஆவணம் இது. இன்றைய மொழியில் சொன்னால் ஒரு பத்திரம்.

நம் பத்திரங்களில் தாய்ப்பத்திர விவரம் எழுதுவதுபோல், அந்தக் காலத்தில் கொடுப்பவனின் குலப்பெருமையை முதலில் எழுதுவார்கள். மதுரையில் சங்கம் வைத்தது, மகாபாரதத்தைத் தமிழாக்கியது என்று பழம்பெருமைகளில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக இறங்கி வருகிறது செப்பேடு. வழியில் இராசசிம்மனின் பாட்டன் சீமாறன் சீவல்லபன் வருகிறான். பரசக்கர கோலாகலன் என்பது அவன் விருது. பகைவர் படைக்குள் அமளி உண்டாக்குகிறவன் என்று பொருள். அவன் குண்ணூரில் வென்றான், விழிஞத்தில் வென்றான். குடமூக்கில், அதாவது இன்றைய கும்பகோணத்தில், கங்கரும் பல்லவரும் சோழரும் கலிங்கரும் மகதரும் சேர்ந்து வந்த படையை முறியடித்தான் என்கிறது செப்பேடு.

இந்தப் பட்டியலின் நடுவே, போகிறபோக்கில் ஒரு சொல் வருகிறது: சிங்களம்.

அங்கே என்ன நடந்தது, என்ன எடுத்து வந்தார்கள்? செம்பு பேசவில்லை. தெரிய வேண்டுமென்றால் நாமும் கடல் தாண்ட வேண்டும்.

* * *

இலங்கையின் பாலி மொழி வரலாற்று நூலான சூளவம்சம் அந்த ஒற்றைச் சொல்லை ஒரு போர்க்கதையாக விரிக்கிறது. முதலாம் சேனன் (833–853) ஆண்ட காலம். பாண்டியப் படை வடகரையில் இறங்கியது. அங்கே குடியிருந்த தமிழர் பலரும் சேர்ந்துகொள்ளப் படை பெருத்தது. அரசகுடும்பத்து மகிந்தன் தோல்வியைக் கண்டதும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். கசபன் என்ற இளவரசன் குதிரைமேல் நின்று போராடினான். சேனன் மலைநாட்டுக்குத் தப்பி ஓடினான்.

அனுராதபுரம் திறந்து கிடந்தது. அரண்மனைக் கருவூலம் காலியானது. விகாரைகளின் பொற்படிமங்கள் போயின. கல்லில் செதுக்கிய புத்தர் சிலையின் மணிக்கண்களைத் தோண்டி எடுத்தார்கள். தூபாராமத் தூபியின் பொற்தகடுகளை உரித்தார்கள். இரத்தின மாளிகையில் வீற்றிருந்த பொன் புத்தரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு சமாதானம் பேசி, நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாண்டியன் கப்பலேறினான்.

அதகுவால்பாவின் அறை நினைவுக்கு வருகிறதா? அது நடப்பதற்கு 700 ஆண்டுகள் முன்பே, மதுரைக்காரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

* * *

ஆண்டுகள் போயின. சேனனுக்குப் பின் இரண்டாம் சேனன் (853–887) பட்டத்துக்கு வந்தான். ஒரு நாள் இரத்தின மாளிகைக்குள் நுழைந்தவன் கண்ணில் ஒரு பீடம் பட்டது. வெறும் பீடம். மேலே சிலை இல்லை.

ஏன் காலியாக இருக்கிறது என்று அமைச்சர்களைக் கேட்டான். தெரியாதா அரசே என்று தொடங்கி, பாண்டியன் வந்ததையும் கொண்டுபோனதையும் அவர்கள் சொன்னார்கள். தானே தோற்றதுபோல் வெட்கப்பட்டான் அரசன் என்கிறது சூளவம்சம். அன்றே படை திரட்ட ஆணை பிறந்தது.

இந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து ஒருவன் வந்து சேர்ந்தான். பாண்டிய இளவரசன்! தன் அரசன் தன்னைக் கொடுமைப்படுத்துவதாகச் சொல்லி உதவி கேட்டான். சேனனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மாதோட்டத் துறைமுகத்துக்குத் தானே வந்து நின்று, தளபதியோடு படையை அனுப்பிவைத்தான். 862 வாக்கில் மதுரை முற்றுகைக்கு உள்ளானது. தோற்ற பாண்டிய மன்னன் உயிர்விட்டான். சிங்களப் படை கோட்டைக்குள் புகுந்தது. தங்கள் நாட்டுப் பொருள்களைத் தேடி எடுத்தது. உடன் வந்த இளவரசனுக்கு முடிசூட்டிவிட்டுக் கடல் கடந்தது.

பொன் புத்தர் அனுராதபுரத்தில் தன் பீடத்தில் மீண்டும் அமர்ந்தார். மதுரையில் யாரும் அவரை உலையில் போட்டிருக்கவில்லை.

* * *

இப்போது மறுபடியும் சின்னமனூர்ச் செப்பேட்டை எடுங்கள். மதுரை வீழ்ந்ததைப் பற்றி ஒரு வரி தேடுங்கள். கிடைக்காது. சீமாறன் வென்றான், வென்றான், வென்றான். அவ்வளவுதான்.

ஆனால் செதுக்கியவர்கள் ஓர் இடத்தில் தடயம் விட்டுவிட்டார்கள். வடமொழிப் பகுதியில் சீமாறன் வென்ற பகைவர் வரிசையில் ஒரு விநோதப் பெயர் நிற்கிறது: மாயா பாண்டியன். பாண்டியனுக்குப் பகைவன் இன்னொரு பாண்டியனா? அரியணைக்கு உரிமை கேட்டவனுக்குப் போலிப் பாண்டியன் என்று அரண்மனை பட்டம் கட்டியிருக்கிறது. சேனனிடம் ஓடிய இளவரசன் இவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. செப்பேட்டின்படி மாயா பாண்டியன் தோற்றவன். சூளவம்சத்தின்படி அந்த இளவரசன் மதுரையில் முடிசூடியவன்.

சூளவம்சம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பகுதி எழுதப்பட்டது சில நூற்றாண்டுகள் கழித்து, பௌத்த பிக்குகளின் கையால். தங்கள் அரசர் பெருமையை அவர்களும் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் தங்கள் தலைநகரம் கொள்ளை போனதை அவர்கள் மறைக்கவில்லை. பெரு நாட்டிலும் இதே கதைதான். ஸ்பானியர் எழுதிய வெற்றிக் குறிப்புகளோடு, அந்த மண்ணின் மைந்தன் குவாமன் போமா 1615 வாக்கில் படம் வரைந்து எழுதிய பெரிய ஏட்டையும் சேர்த்துப் படித்தால்தான் நடந்தது விளங்கும். அந்த ஏடு 1908இல்தான் கோபன்ஹேகன் நூலகத்தில் கண்ணில் பட்டது.

வென்றவன் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது. எதிர்க்கரையின் ஏட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வென்றவன் நம் பாட்டனாக இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

* * *

போகும் முன் ஒன்று. தானம் கொடுத்த இராசசிம்மன் என்ன ஆனான்?

தஞ்சையிலிருந்து முதலாம் பராந்தகச் சோழன் வந்தான். மதுரை கொண்டவன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். பாட்டன் கொள்ளையடித்த அதே இலங்கைக்குப் பேரன் அடைக்கலம் தேடி ஓடினான். பாண்டியர் மணிமுடி அவன் கையில் இருந்தது. மாதோட்டத்தில் இறங்கியவனை இலங்கை அரசன் மரியாதையாகவே வரவேற்றான். படை தரவும் நினைத்தான். அதற்குள் பிரபுக்களிடையே கலகம். இங்கே நிற்பதில் பயனில்லை என்று கண்ட இராசசிம்மன், மணிமுடியை அங்கேயே விட்டுவிட்டுச் சேரநாட்டுக்குப் போய்விட்டான்.

அந்த முடியை மீட்கக் கடல் தாண்டிப் படை அனுப்பியவன் பாண்டியன் அல்ல.

(அடுத்த வாரம்: முடி கேட்ட சோழன்)